மினுக்க முதல் பாருங்கள்: பித்தளைச் சாமான்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கார்த்திகை விளக்கீட்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பக்கம் உள்ள எங்கள் சின்னப் பட்டறைக்குப் பைகள் வரத் தொடங்கிவிடும். குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, செம்பு, குடம், எப்போதாவது மூக்கு வைத்த குடிகலமான மூக்குப்பேணி ஒன்று. எல்லாம் பளபளவென்று மினுக்கி, பழைய பேப்பரில் சுற்றி, "தம்பி, இதிலை ஒரு சின்ன ஒழுக்கு, பாத்துத் தா" என்ற ஒரே வசனத்தோடு வரும். எனக்கு அந்தப் பளபளப்பைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடும். எந்த இடத்தில் பச்சை பூத்திருந்தது, எந்த இடம் சிவந்திருந்தது, வெடிப்பின் ஓரம் கறுத்திருந்ததா என்பதையெல்லாம் புளி கழுவிக்கொண்டு போயிருக்கும். ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். ஓட்டையை அடைப்பது எவருக்கும் வரும். ஏன் வந்தது என்று தெரியாமல் அடைத்தால் அடுத்த மாரிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வரும்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் முதல் வேண்டுகோள் ஒன்றுதான். பழுதான பித்தளையை மினுக்க முதல் வெயிலில் வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் நாலு படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகு கீழே உள்ளதைப் படியுங்கள். பழைய பித்தளை வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பார்வைதான் உதவும்.

முதலில், அது பித்தளைதானா?

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டவில்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது, துத்தநாகக் கலவையில் வார்த்து மஞ்சள் பூசிய விளக்குகளிலும் காந்தம் ஒட்டாது. தண்ணீரால் அளப்பதுதான் நிச்சயமான வழி. விளக்கைப் புரி கழற்றித் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டைத் தராசில் கிராமில் நிறுங்கள். விளிம்பு வரை நிரப்பிய சட்டியில் அதை நூலில் கட்டி முழுதாக இறக்கி, வழியும் தண்ணீரை மில்லிலீற்றரில் அளவிடுங்கள். நிறையைத் தண்ணீரால் பிரித்தால் பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை வரும். துத்தநாகக் கலவை 7க்குக் கீழே நிற்கும், அலுமினியம் 2.7. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கணக்குப் பிழைக்கும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன்.

அறிகுறி: விளிம்பிலிருந்து கீழ் நோக்கி நெடுக்காக மயிரிழை வெடிப்பு

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பித்தளை சாகிற சாவு பெரும்பாலும் இதுதான். சரியாகப் புரிந்துகொள்ளப்படாததும் இதுதான்.

நீர்வேலியிலிருந்து ஒரு மாமி தன் சீதனக் குடத்தைக் கொண்டுவந்தார். கழுத்திலிருந்து மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. உலோகம் எங்கும் மெலியவில்லை, நெளியவில்லை, அடிபட்ட தடமும் இல்லை. இரண்டு ஓரமும் உடைந்த ஓடு போலப் பொருந்தி நின்றன. "போன மாரிக்கு முதல் நல்லாத்தான் இருந்தது தம்பி, ஒருத்தரும் போட்டு உடைக்கேல்லை" என்றார். நான் வெண்காரம் வைத்து, வெள்ளி கலந்த ஒட்டுப் பொடியை உருக்கி ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டு நன்றாகவே விழுந்தது. தைப்பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் குடம் திரும்பி வந்தது. என் ஒட்டு அப்படியே இருந்தது, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் புதிய வெடிப்பு.

அப்போதுதான் கேட்டேன். "மாமி, இதை எங்கை வைக்கிறனீங்கள்?"

"சாமானறையிலை. பின் சுவருக்கு அங்காலை ஆட்டுக்கொட்டில்."

இந்த நோய்க்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிரித்தானியரின் இந்தியப் படைகளில் 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், சுடப்படாத ரவைகளின் பித்தளைக் கோதுகளில், அதாவது வெளி உறைகளில், நெடுக்கு வெடிப்புகள். மழைக்காலத்தில் வருவதால் 'பருவ வெடிப்பு' என்ற பெயர் நிலைத்தது. காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, காற்றின் ஈரம், கோதைச் சூடாக்காமல் இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம். இவை ஒன்றுகூடும்போது பித்தளை தானாகவே பிளக்கும். ஒன்றை நீக்கினால் போதும், பிளவு நிற்கும்.

ரவைக்கோதுக்கும் நம் குடத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இரண்டும் அண்ணன் தம்பி. கோதுக்குப் பயன்படுவது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. தட்டையான வில்லையை அச்சில் அழுத்தி, சுட்டு இளக்கி, மறுபடி இழுத்து என்று படிப்படியாகக் கிண்ணமாக்குவார்கள். தகட்டை அடித்தோ, அச்சில் சுழற்றி அழுத்தியோ செய்யும் குடம், செம்பு, பேணி எல்லாம் அதே குணமுள்ள உலோகம். கடைசி அடிக்குப் பிறகு சுட்டு இளக்காமல் விட்டால் இறுக்கம் உள்ளேயே இருக்கும். கழுத்தும் விளிம்பும்தான் அதிகம் வளைக்கப்பட்ட இடம், அதனால் வெடிப்பும் அங்கேதான் பிறக்கும். படைக்குச் செய்யும் கோதுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சூட்டுக் கறை இருக்குமே, அது கழுத்தைக் கடைசியாக இளக்கியதற்கான அடையாளம். அழுக்கென்று நினைக்க வேண்டாம்.

நம் வீடுகளில் அமோனியா எங்கிருந்து வரும்? ஆட்டுக்கொட்டில், மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு, எருக்குவியல். வெங்காயத் தோட்டம் செய்யும் வீடுகளில் யூரியாப் பை. ஈரம் பட்டு மண்ணோடும் எருவோடும் சேர்ந்தால் அதுவும் அமோனியாவை விடும். கடையில் வாங்கும் திரவ மினுக்குகள் சிலவற்றிலும் அமோனியா இருக்கிறது. மூக்கில் சுரீரென்று ஏறுகிற மணம் வந்தால் தகட்டுப் பாத்திரத்துக்கு அதைத் தொடாதீர்கள். உரிமம் பெற்று ரவைக்கோதை மறுபடி நிரப்ப சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில்கூட, விபரம் தெரிந்தவர்கள் கோதைத் துலக்க அமோனியா மினுக்கைப் பாவிப்பதில்லை. பிறகு, பலர் நினைத்தும் பார்க்காத ஒன்று, நவச்சாரம். ஈயம் பூசும்போது பஞ்சில் தொட்டுத் துடைப்பது அமோனியாவின் உப்பு. பூசி முடிந்ததும் வெந்நீரால் மடிப்புகளுக்குள்ளும் நன்றாகக் கழுவாமல் கொடுத்தால், பூசியவரே நோயை உள்ளே வைத்து அனுப்புகிறார் என்று பொருள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் வெடிப்பு எதுவரை ஓடியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரிவது பாதிதான். உட்பக்கம் மண்ணெண்ணெய் பூசி, வெளிப்பக்கம் வெண்கட்டியைத் தடிப்பாகத் தேய்த்து, ஒரு மணித்தியாலம் விடுங்கள். வெள்ளையின் மேல் ஈரக்கோடு ஒன்று எழுந்து வரும். அந்தக் கோட்டின் முனையில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் வெடிப்பு அதற்கப்பால் ஓடாது. பிறகு பாத்திரம் முழுவதையும் 250 முதல் 300 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் வைத்து இறுக்கத்தைக் கழற்ற வேண்டும். இந்தச் சூட்டில் பித்தளை மெதுமையாகாது, வடிவம் மாறாது, உள்ளிருக்கும் இழுவை மட்டும் தளரும். ஈயம் பூசிய பாத்திரத்தை இப்படி வைக்க முடியாது. பூசுவதை ஈயம் என்று சொன்னாலும் அது வெள்ளீயம், 232 பாகையிலேயே உருகிவிடும். பூச்சை முதலில் எடுத்துவிட்டு, கடைசியில் மறுபடி பூச வேண்டும்.

ஒட்டு அதற்குப் பிறகுதான். இறுக்கத்தோடு நிற்கும் பித்தளையின் மேல் உருகிய பொடி ஓடினால், அந்த உருகலே புதுவெடிப்பைத் திறந்துவிடும். மாமியின் குடத்தில் நான் முறையை மாற்றிச் செய்தேன், என் பிழை அது. இரண்டாந்தரம் துளையிட்டு, சூட்டில் இறுக்கத்தைக் கழற்றி, உட்புறம் ஒரு சிறு தகடு வைத்து ஒட்டினேன். குடம் இப்போது வீட்டின் முன் விறாந்தையில் நிற்கிறது.

அறிகுறி: சுற்றிவர வளையமாகக் கோடு, அடிக்கு மேலே மெலிவு

நெடுக்காக ஓடாமல் பாத்திரத்தைச் சுற்றி ஓடுகிற கோட்டுக்குக் காரணம் வேறு. உலோகம் இழுபட்டு அல்லது வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. குத்துவிளக்கின் தண்டு பாதத்தில் நுழையும் இடம், செம்பின் அடி மடிப்பு, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனியாக அடித்து இடுப்பில் ஒட்டிய குடத்தின் அந்த ஒட்டு, இங்கெல்லாம் வரும்.

இதையும் ரவைக்கோதுகளிடமே படிக்கலாம். சுடும்போது கோது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக் காற்றை அடைக்கும், அழுத்தம் போனதும் சற்றே சுருங்கித் தன்னை விடுவிக்கும். இரும்பு இவ்வளவு இலகுவாகச் சுருங்காது, பித்தளை அங்கே நிலைத்ததற்கு இதுவும் காரணம். பல தடவை பாவித்த கோது அடிக்குச் சற்று மேலே இழுபட்டு மெலியும். வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். உள்ளே கம்பியின் நுனியை வளைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். கழுத்தில் நெடுக்கு வெடிப்பு, அடியில் வட்ட வளையம் என்ற இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் கோதை மறுபடி நிரப்புகிறவர்களுடைய தெரிவில் பாதி வேலை. வளையம் கண்ட கோதை அவர்கள் ஒட்டிப் பார்ப்பதில்லை, கழித்துவிடுவார்கள்.

அதே வளைந்த கம்பியை நான் விளக்குத் தண்டுக்குள் விடுகிறேன். பள்ளம் தட்டுப்பட்டால் மேலே பொடி வைத்து மூடுவதில் பயனில்லை. மெலிந்த பகுதியை வெட்டியெடுத்து, உள்ளே புதுக்குழாய்த் துண்டு ஒன்று செருக வேண்டும். எண்ணெய் நிறைந்த தட்டோடு தண்டு முறிந்து விழுந்தால் எரியும் விளக்கு விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. இந்த அறிகுறி உள்ள விளக்கை, திருத்தும் வரை ஏற்ற வேண்டாம்.

அறிகுறி: மஞ்சளில் செம்புநிறத் திட்டுகள்

கத்தி நுனியால் மெல்லக் கீறுங்கள். உடனே மஞ்சள் தெரிந்தால் பயமில்லை. புளியை அப்பி அரைநாள் விட்டிருப்பார்கள், செம்பு மெல்லிய தோலாக மேலே படிந்திருக்கும். சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கீறக் கீறச் சிவப்பாகவே இருந்து, துகள் துகளாக உதிர்ந்தால் அது வேறு கதை. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் கடற்பஞ்சு போல நிற்கிறது. உவர்த் தண்ணீரை நாட்கணக்கில் அசையாமல் நிரப்பி வைப்பதே இதற்கு வழி. தீவுப்பகுதியிலிருந்தும் கரையோரக் கிணற்றடிகளிலிருந்தும் வரும் குடங்களில் இதைக் காண்கிறேன்; தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு பட்டையாகவே சிவந்திருக்கும். துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட பித்தளைக்குத்தான் இந்த ஆபத்து. கப்பல் சாமான்களுக்கு 1 சதவீதம் வெள்ளீயம் சேர்ப்பது இதைத் தாமதப்படுத்தத்தான். உதிரும் இடத்தில் பொடி பிடிக்காது, பிடித்தாலும் நிற்காது. பஞ்சான பகுதி முழுவதையும் வெட்டிவிட்டுத் தகடு வைக்க முடிந்தால் வையுங்கள், பாதிப்பு பரந்திருந்தால் அந்தக் குடத்தை நிறைகுடமாகக்கூட வைக்காமல் அலங்காரத்துக்கு விடுங்கள்.

அறிகுறி: பச்சை

மேலே பூத்த பச்சை பெரும்பாலும் களிம்பு. கழுவினால் போகும். சமைக்கும் பாத்திரத்தின் உட்புறம் என்றால் மட்டும் கவனம்: பூச்சு தேய்ந்திருக்கிறது. புளி, எலுமிச்சை, மோர் எதையும் அதில் வைக்காதீர்கள், செம்பு கரைந்து உணவோடு சேரும். ஈயம் பூசக் கொடுங்கள். விளக்கு, மணி போன்ற வார்ப்புச் சாமான்களில் கடைவதற்கு இலகுவாக இருக்க உண்மையான ஈயமே 2, 3 சதவீதம் கலந்திருக்கலாம். அவற்றைப் பாத்திரமாகப் பாவிக்கவே கூடாது.

ஒரே ஒரு கோட்டில் மட்டும் பச்சை வரிசையாக நின்றால் அது களிம்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பு. முதல் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: வெடிப்பே இல்லை, ஆனால் ஒழுகுகிறது

விளக்கென்றால் முக்கால்வாசியும் புரியில்தான் ஒழுகும். புரியைக் கழுவிக் காயவைத்து, நூலில் தேன்மெழுகு தோய்த்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினால் தீரும். அப்படியும் ஒழுகினால் வார்ப்பில் ஊசித்துளை இருக்கும். வெண்கட்டியும் மண்ணெண்ணெயும் இங்கேயும் உதவும், கோடு எழாமல் புள்ளி எழும். எண்ணெய்த் தட்டுக்குச் சாதாரண ஈய ஒட்டுப் போதும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு, உண்மையான ஈயம் கலந்த இந்த ஒட்டு ஒருபோதும் வேண்டாம்.

அறிகுறி: சப்பளிந்தது, தட்டி எடுக்கும்போது கிழிகிறது

அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் கிழியும். மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய சிவப்புத் தெரியும் வரை சுட்டு இளக்கிவிட்டுத் தட்ட வேண்டும். இரும்பைப் போல இதைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடுமோ என்று புதிதாகப் பழகும் பொடியன்கள் பயப்படுவார்கள். இறுகாது, தாராளமாகத் தோய்க்கலாம். ஆனால் சூட்டை அளவுக்கு மீறி விட்டால் உள்ளே உலோகத்தின் நுண்மணிகள் பெருத்து, வளைக்கும்போது மேற்பரப்பு தோடம்பழத் தோல் போலச் சொரசொரக்கும். அது திரும்பாது. அதற்கும் மேலே போனால் துத்தநாகம் 907 பாகையில் கொதித்து வெள்ளைப் புகையாக எழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

பழைய பித்தளையைத் தெரிவு செய்யும்போது

பழைய சாமான் கடையில் மினுக்காத பொருளையே கேட்டு வாங்குங்கள். நகத்தால் விளிம்பைச் சுண்டுங்கள். முழுதாக உள்ளது கணீரென்று பேசும், வெடித்தது கட்டையாகப் பேசும். வெளிச்சத்தை உள்ளே பிடித்து வெளியே இருட்டில் பாருங்கள். விளிம்பு, கழுத்து, அடி மடிப்பு என்ற மூன்று இடத்தையும் பூதக்கண்ணாடியால் சுற்றிப் பாருங்கள். மெல்லிசான தகட்டுப் பாத்திரத்தைவிடத் தடித்த பழைய வார்ப்பு பெரும்பாலும் பாதுகாப்பானது, அடித்த இறுக்கம் அதில் குறைவு. விலை பேசும்போது அழகுக்குக் கொடுக்கிற காசைவிடக் கழுத்துக்குக் கொடுங்கள்.

ஒரு பொருளை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள், எடுக்காதீர்கள். எங்கள் மண்ணில் இன்னும் ரவைக்கோதுகளும் எறிகணைக் கோதுகளும் கிடக்கின்றன. போர் 2009இல் முடிந்தாலும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நீண்ட காலம் நடந்தது. நல்ல பித்தளைதான், கிலோவுக்கு நல்ல விலைதான். ஆனால் வெறுங்கோது என்று கையில் எடுப்பதில் எது வெறுங்கோது, எதன் அடியில் தீப்பொறி மருந்து உயிரோடு இருக்கிறது என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. உருக்கும் அடுப்பில் அது போய் விழுந்தால் முன்னால் நிற்பவர் கண்ணையும் கையையும் இழப்பார். சட்டச் சிக்கல் தனி.

சென்ற வருடம் ஒரு பள்ளிக்கூடப் பொடியன் உப்பிப்போன காற்சட்டைப் பையோடு பட்டறை வாசலில் நின்று, "அண்ணை, பித்தளை எடுப்பியளோ?" என்று கேட்டான். பையிலிருந்து ஒன்றையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி, திறந்த வெளியில் என் கண்பார்வையில் நிற்கவைத்து, உலையை அணைத்துவிட்டு, 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொன்னேன். அவர்கள் வந்து அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எந்தக் காணியில் பொறுக்கினான் என்றும் அவனை வைத்தே கேட்டு எழுதிக்கொண்டார்கள்.